பங்காளி: பங்கு இருக்கு, பேரு இல்ல

வட சென்னைப் பக்கம் கூட்டாளிகள் ஒருத்தரை ஒருத்தர் "என்ன பங்கு?" என்று கூப்பிடுவார்கள். அதே ஊரில் நிலத் தகராறு என்று பேச்சு வந்தால், "அது பங்காளிச் சண்டைப்பா, லேசுல தீராது" என்பார்கள். ஒரே சொல் இப்படி ரெண்டு பக்கமும் எப்படிப் போகுது?

பிரிச்சுப் பார்த்தால் பங்கு + ஆளி. தொழிலாளி, முதலாளி மாதிரிதான். நேராகப் பார்த்தால் இது ரத்தத்தைச் சொல்வதில்லை, பங்கைச் சொல்கிறது. 'தாயாதி' என்ற சொல்லும் அப்படித்தான். அதுக்கும் தாய்க்கும் சம்பந்தமில்லை; 'தாயம்' என்றால் பரம்பரைச் சொத்துரிமை. எங்க மீஞ்சூர் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. தெலுங்கில் பங்காளி 'பாலிவாடு'. அங்கேயும் 'பாலு' என்றால் பங்கு!

சரி, யார் பங்காளி? புரோகிராம் எழுதுகிற பழக்கத்தில் இதை ஒரே விதியாகச் சொல்லிவிடலாம்: இருவரையும் இணைக்கிற சங்கிலியில் எல்லாரும் ஆணாக இருக்க வேண்டும். சித்தப்பா மகன் பங்காளி. அத்தை மகன் மச்சான். ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர்தான். ஆனால் நடுவில் அத்தை வந்துவிட்டாள், கணக்கு மாறிவிட்டது. அதனால்தான் சித்தப்பா மகள் தங்கச்சி, அத்தை மகள் முறைப்பெண். இப்படி அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் அத்தை பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரிக்கும் முறை அமெரிக்காவின் இரோகுவா பழங்குடிகளிடமும் இருப்பதை லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-லேயே எழுதினார்.

இனிமேல்தான் விஷயம். கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறந்தவுடனே பங்கு என்பது ரொம்ப காலம் ஆண் பிள்ளைக்கு மட்டும்தான். 1956 வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு அப்பாவின் பங்கில் ஒரு பகுதியைக் கொடுத்தது, பிறப்புரிமையைக் கொடுக்கவில்லை. தமிழ்நாடு 25-3-1989 முதல் அதையும் கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணமான பெண்களுக்கு இல்லை. 9-9-2005 முதல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில், வினீதா சர்மா வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அப்படிப் பார்த்தால் இன்றைக்கு அக்காவும் தங்கச்சியும் முழுப் பங்காளிகள். ஆனால் யாராவது அக்காவைப் பங்காளி என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கல்யாணமான பெண்ணை, புருஷன் வீட்டுப் பங்காளிகளோடுதான் சேர்த்து எண்ணுகிறோம்.

வயலெல்லாம் மனையாக மாறுகிற எங்க பக்கத்தில் இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. நிலம் விற்கிற நேரத்தில்தான் கூடப்பிறந்தவளின் கையெழுத்து ஞாபகம் வருது. விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துதான் அக்கா, சும்மா பார்மாலிட்டி" என்பார்கள். பார்மாலிட்டி இல்லைங்க. பங்கு இல்லாதவரிடம் யாரும் விடுதலை எழுதி வாங்க மாட்டார்கள். விட்டுக்கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் அவங்க விருப்பம். எவ்வளவு பங்கு, என்ன விலை போகும் என்று தெரிந்துகொண்டு போடட்டும்.