ஈஸ்டர்ப் பண்டிகையும் சொக்கலேட் முட்டையும்

இங்கிலாந்திலே பனிக்காலம் நீங்கி, மொட்டையாய் நின்ற மரங்கள் தளிர்விடும் பருவத்தில் வருவது ஈஸ்டர்ப் பண்டிகை. உயிர்த்த ஞாயிறு என நம்மவர் வழங்கும் திருநாள் அது. அந்நாள் நெருங்கியதும் அந்நாட்டு அடுக்களைகளிலே சிறுவர் சிறுமியர் கூடி ஓர் இனிப்புப் பண்டம் செய்வர். அடுப்பின்மேல் ஒரு பாத்திரத்தில் வெந்நீர். அதன்மேல் ஒரு கிண்ணம். கிண்ணத்திலே ஒடித்துப் போட்ட சொக்கலேட் துண்டுகள். அவை உருகிக் குழம்பானதும், கோன்பிளேக்ஸை அதிலே கொட்டிக் கிளறுவர். பின்னர்க் காகிதக் கிண்ணங்களில் குருவிக்கூடு போல் அமைத்து, நடுவே சீனியாற் செய்த சிறு முட்டைகளை வைப்பர். ஆறியதும் கூடு இறுகிவிடும். தாயின் மேற்பார்வையிருந்தால் ஏழு வயதுக் குழந்தையும் செய்யக்கூடிய வேலை.

இத்துணை எளிய பண்டத்துக்கும் வரலாறு உண்டோ என நேயர்கள் வினவலாம். உண்டு, அது நெடியதுமாகும். அச்சிறு கிண்ணத்திலே பழையதொரு விரதத்தின் நினைவும், கைவினைஞர் பலரின் அறிவும், கடல் கடந்த தோட்டங்களிற் சிந்திய கண்ணீரும், ஒரு போர்க்காலத்தின் பற்றாக்குறையும் கலந்து கிடக்கின்றன.

முதலில் முட்டையை எடுத்துக்கொள்வோம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் கிறித்தவர்க்குத் தவக்காலம். மத்திய காலத்து மேலைத் திருச்சபையின் விதிப்படி அந்நாட்களில் இறைச்சி மட்டுமன்றிப் பாலும் வெண்ணெயும் முட்டையுங்கூட விலக்கப்பட்டிருந்தன. ஆனால் கோழிக்கு விரதம் ஏது? பகற்பொழுது நீளும் அப்பருவத்திலேதான் அது மிகுதியாக முட்டையிடும். உண்ணலாகாத முட்டைகள் வீடுதோறும் சேர்ந்தன. அவற்றை அவித்து, விரதம் முடியும் நாளிலே உண்டனர், அயலார்க்கும் கொடுத்தனர். வெங்காயத் தோலைச் சுற்றி அவித்தால் முட்டையோடு பொன்னிறம் பெறும் என்பது வட இங்கிலாந்துக் குடும்பங்கள் அறிந்திருந்த உபாயம். கீழைத் திருச்சபையினர் கிறித்துவின் குருதியை நினைந்து சிவப்புச் சாயம் ஏற்றினர். 1290ஆம் ஆண்டு ஈஸ்டருக்கென முதலாம் எட்வேர்ட் மன்னனின் அரண்மனைக் கணக்கிலே 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டுள்ளது. அம்முட்டைகள் சாயமிட்டும் பொற்றகடு போர்த்தியும் அரண்மனையோர்க்கு வழங்கப்பட்டன. மன்னன் கையிற் பொன் போர்த்த முட்டையாயினும், குடியானவன் கையில் வெங்காயத் தோற் சாய முட்டையாயினும், இரண்டையும் ஈன்ற தாய் விரதமே.

சொக்கலேட்டின் கதை வேறொரு கண்டத்திலே தொடங்குகிறது. மெக்சிக்கோவிலும் அதன் தெற்கேயுள்ள நாடுகளிலும் வாழ்ந்த மாயரும் அஸ்தெக்கரும் கொக்கோ விதையை வறுத்து அரைத்து, மிளகாய் முதலியன கூட்டி, நுரை பொங்க ஆற்றிப் பருகினர். அவ்விதையே அவர்களிடையே நாணயமாகவும் வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாடுகளைக் கைப்பற்றியபின் அப்பானம் ஐரோப்பாவை அடைந்தது. கசப்பு நீங்கச் சீனியும் சேர்ந்தது. அங்கே ஒரு வழக்கும் எழுந்தது. தவக்காலத்திற் சொக்கலேட் பருகலாமா? உணவெனின் விரதம் முறியும், பானமெனின் முறியாது. குருமார் நெடுங்காலம் வாதிட்டனர். 17ஆம் நூற்றாண்டில் கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிராங்காச்சோ என்பார், நீராகாரம் விரதத்தை முறிக்காது எனத் தம் கருத்தை வெளியிட்டார். விரதம் முடிந்ததும் உண்ணும் பண்டமென இன்று பெயர்பெற்ற சொக்கலேட், அன்று விரத நாளிலே பருகும் பானமாக நியாயங் கேட்டு நின்றது.

பானம் முட்டையானது எவ்வாறு? கொக்கோ விதையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு கொழுப்பு. வெந்நீரிற் கலக்கினால் அது மேலே மிதக்கும். இக்குறையைப் போக்க, 1828இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹவுட்டன் குடும்பத்தார் கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுக்கும் அழுத்துபொறிக்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தபோது கிடைத்ததே இன்று நாம் வாங்கும் கொக்கோத்தூள். பிழிந்த கொழுப்பை என் செய்வது? 1847இல் பிரிஸ்டல் நகரத்து பிறை நிறுவனத்தார் விடை கண்டனர். அக்கொழுப்பை உருக்கிக் கொக்கோவுடனும் சீனியுடனும் கூட்டி அச்சில் வார்த்தனர். குடித்த பண்டம் கடித்து உண்ணும் கட்டியாயிற்று. கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில், அதாவது நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகும் இயல்பினது. ஆதலாற்றான் தட்டிலே கல்லாயிருப்பது நாவிலே கரைகிறது.

பிரான்சிலும் ஜேர்மனியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொக்கலேட் முட்டைகள் தோன்றிவிட்டன; ஆனால் அவை உட்கூடில்லாத, கசப்பான, கடினமான முட்டைகள். 1873இல் பிறை நிறுவனத்தார் பிரித்தானியாவின் முதற் சொக்கலேட் முட்டையைச் செய்தனர். 1875இல் காட்பரி நிறுவனத்தார் பின்தொடர்ந்தனர். ஒவ்வோர் அச்சின் உட்புறத்திலும் சொக்கலேட் களியைக் கையாற் பூசிச் செய்த அவை செல்வர் வீட்டுப் பொருள்களாயிருந்தன. அதே 1875ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்தில் தானியேல் பீற்றர் பாற்சொக்கலேட்டை ஆக்கினார். 1879இல் ரொடோல்ப் லின்ற் என்பார், நெடுநேரம் பிசைந்து சொக்கலேட்டை மழமழப்பாக்கும் பொறியை அமைத்தார். அதன் பின்னரே சொக்கலேட் எளிதாய் உருகி எளிதாய் வார்க்கப்படும் பொருளாயிற்று. குழந்தை இன்று கிண்ணத்திலே கிளறும் அக்குழம்பு இத்தனை பேரின் கைவண்ணம்.

இனிப்பின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். காட்பரியும் பிறையும் குவேக்கர் நெறியினர். அடிமை முறையை வெறுத்த மரபினர். எனினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வாங்கிய கொக்கோவிற் பெரும்பகுதி போர்த்துக்கேயரின் சான்தோமே தீவிலிருந்து வந்தது. அங்கு உழைத்தோர் அங்கோலாவிலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரிற் பிடித்துவரப்பட்ட ஆபிரிக்கர். ஊர் திரும்பியோர் மிக அரியர். 1904, 1905ஆம் ஆண்டுகளில் அங்கெல்லாம் சென்று வந்த பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் அக்கொடுமையை உலகறியச் செய்தார். 1909ஆம் ஆண்டு மார்ச்சில் காட்பரி நிறுவனம் அத்தீவுக் கொக்கோவைக் கைவிட்டது. தம்மைத் தூற்றியதாக ஒரு செய்தித்தாள்மீது அந்நிறுவனம் தொடுத்த வழக்கு அவ்வாண்டின் இறுதியில் விசாரணைக்கு வந்தது. யூரிமார் நிறுவனத்தின் பக்கமே தீர்த்தனர். ஆனால் அளித்த நட்டஈடோ ஒரு பார்திங், அதாவது கால் பென்ஸ். உண்மையைத் தெரிந்தும் ஆண்டுகள் பல தாமதித்ததற்கு மக்கள் இட்ட மதிப்பு அதுவெனலாம். பின்னர் அந்நிறுவனம் நாடிய இன்றைய கானா நாட்டிலே, ரெற்றே குவார்ஷி என்பார் 1879இல் நட்ட கொக்கோ, சிறு விவசாயிகளின் கைகளாற் பெருகி, 1911ஆம் ஆண்டளவில் உலகிலே முதலிடம் பெற்றிருந்தது.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1869இல் வெளிப்பட்ட இலைநோயாற் கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, மாத்தளையிலும் தும்பறையிலும் தோட்டக்காரர் சிலர் கொக்கோவைப் பயிரிட்டனர். அவ்விதை இலண்டன் சந்தைக்குச் சென்றது. அங்கு உழைத்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர்.

இரண்டாவது உலகப்போர் ஈஸ்டர் முட்டையை மீண்டும் விரதத்துள் ஆழ்த்தியது. பிரித்தானியாவில் 1942ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் இனிப்புப் பண்டங்களுக்குப் பங்கீடு வந்தது. பெரும்பாலான காலம் ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு 12 அவுன்ஸே அளவு. முட்டையும் சீனியும் வெண்ணெயும் ஏற்கெனவே பங்கீட்டுள் அடங்கியிருந்தன. அரிசிக் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நம் நாட்டு முதியோர்க்கு அந்நிலை புரியாததன்று. கடைகளிலே சொக்கலேட் முட்டைகள் மறைந்தன, பண்டிகையோ மறையவில்லை.

அப்போது துணைநின்றது வானொலி. பி.பி.சி. நிலையம் 1940 முதல் காலைச் செய்தியின்பின் ‘அடுக்களைப் போர்முனை’ என்னும் பொருள்படும் பெயரில் ஐந்து நிமிட உரைகளை ஒலிபரப்பி, உள்ளதைக்கொண்டு சமைக்கும் வகையைக் கற்பித்தது. உணவு அமைச்சும் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டது. தாய்மார் பாற்பொடி, கொக்கோத்தூள், மாஜரின், சிறிது சீனி ஆகியவற்றைப் பிசைந்து இனிப்புச் செய்தனர். அவித்து மசித்த உருளைக்கிழங்கிற் கொக்கோவும் சீனியும் வாசனைத் துளியும் சேர்த்து உருட்டி, சொக்கலேட் உருண்டை எனக் குழந்தைகளுக்குக் கொடுத்தோரும் உண்டு. அது சொக்கலேட் அன்று என்பதைத் தாயும் அறிவாள். வளர்ந்த பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அன்றைய திருநாளைத் திருநாளாக்கியது அவ்வுருண்டையே.

1949இல் பங்கீடு நீக்கப்பட்டபோது மக்கள் கடைகளிலே திரண்டதால், சில மாதங்களுள் அது மீண்டும் விதிக்கப்பட்டது. முடிவாக நீங்கியது 1953ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள். முட்டைப் பங்கீடு அவ்வாண்டு மார்ச் மாதம் நீங்கியது. ஏப்ரல் 5ஆம் நாள் வந்த ஈஸ்டரில், கோழி முட்டையும் சொக்கலேட்டும் இரண்டுமே தடையின்றிக் கிடைத்தன. போர் தொடங்கிய பின் பிறந்த குழந்தைகளுக்கு அது புதுமையாயிருந்திருக்கும்.

வீட்டிலே செய்வோர் அறியவேண்டியவை சில உண்டு. உருகும் சொக்கலேட்டில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது திரண்டு கட்டியாகிவிடும். ஆகவே கிண்ணமும் கரண்டியும் உலர்ந்திருத்தல் வேண்டும். மிகச் சூடாக்கி அப்படியே ஆறவிட்டால், கொக்கோ வெண்ணெய் ஒழுங்கின்றி உறைந்து, மேலே சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படரும். மூன்றில் இரண்டு பங்கை உருக்கி இறக்கி, எஞ்சிய ஒரு பங்கை அதிலே இட்டுக் கிளறினால், பளபளப்புடன் இறுகும். முட்டை வடிவம் வேண்டுவோர் அச்சுத் தேடி அலையவேண்டியதில்லை. கோழிமுட்டையின் நுனியிற் சிறு துளையிட்டு உள்ளீட்டை வெளியேற்றி, ஓட்டை வெந்நீரிற் கொதிக்கவைத்து உலர்த்தி, அதனுள் சொக்கலேட்டை வார்த்துக் குளிர்விக்கலாம். பின்னர் ஓட்டை உரித்தால் உள்ளிருந்து வருவது சொக்கலேட் முட்டை. விரதக்காரர் சேர்த்துவைத்த பழைய முட்டையும் ஆலைக்காரர் கண்ட புதிய முட்டையும் அங்கே ஒன்றாகின்றன.

கடையிலே வாங்கும் முட்டை இதனினும் அழகாயிருக்கலாம். ஆயினும் கிண்ணத்தருகே நின்று, உருகும்வரை பொறுத்து, இறுகும்வரை காத்திருக்கும் குழந்தை, நாற்பது நாள் விரதத்தின் ஒரு சிறு பங்கைத் தன்னையறியாமலே கைக்கொள்கிறது. அக்காத்திருப்பின் நேரத்தில் இவ்விதை எங்கு விளைந்தது, யார் பறித்தார், அவர்க்கு உரிய கூலி கிடைத்ததா என்பதையும் தாய் சொல்லிக்கொடுப்பாளாயின், அந்த இனிப்பு மேலும் நல்லதோர் இனிப்பாகும்.