ஜி.டி. நாயுடு என்ன படித்தார்?

ஒன்பதாம் வகுப்போடு மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கடைக்கோ பட்டறைக்கோ அனுப்பும் தந்தையிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "ஜி.டி. நாயுடு என்ன படித்தார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். கோவையில் பிறந்து வளர்ந்த எவரும் இக்கேள்வியை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். கேட்டவுடன் வாயடைத்துப் போவதும் வழக்கமே. இக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை ஜமாஅத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி.டி. நாயுடு, தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்கவில்லை என்பது உண்மையே. கோவையில் உணவு விடுதி ஒன்றில் பணியாற்றிப் பணம் சேர்த்து, மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பூட்டக் கற்றவர் அவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அதுவே பின்னாளில் யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. இதுவரை அனைவரும் அறிவர். ஆனால் அவர் நிலமுள்ள உழவர் குடும்பத்துப் பிள்ளை என்பதையும், முதல் பேருந்து வாங்கச் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவினார் என்பதையும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்த ஸ்டேன்ஸ், கோவையில் 1862இல் பள்ளியையும் 1888இல் நூற்பாலையையும் நிறுவிய ஆங்கிலேயர். நம் ஊரின் முதல் நூற்பாலை அதுவே. பள்ளிச் சான்றிதழ் இல்லாத இளைஞருக்கு நிலமும், நம்பிக் கடன் தரும் பெரிய மனிதரும் துணையாக இருந்தனர்.

அந்த நாயுடுவே பின்னர் என்ன செய்தார்? 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக வாரி வழங்கியதோடு, அதன் முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. நான்காண்டுப் படிப்பு நீளம், இரண்டாண்டே போதும் என்று அரசுடன் வாதாடி, ஏற்கப்படாததால் பதவி விலகினார். அவர் குறை கண்டது கால அளவிலும் பயிற்று முறையிலுமே. படிப்பே வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை.

பீளமேட்டின் பி.எஸ்.ஜி. குடும்பமும் இங்கே நினைக்கத்தக்கது. 1926இல் சொத்தைப் பங்கிட்டபோது, சகோதரர் நால்வர் இருந்தும் ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை அறநிலையத்துக்கு வைத்தனர். அதிலிருந்தே பள்ளியும் தொழிற்பயிற்சிக் கூடமும் வளர்ந்து, 1951இல் பொறியியற் கல்லூரியும் எழுந்தது. அதே 1951இல்தான் திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜா மியான் ராவுத்தரும் நம் சமுதாயத்துக்கென ஜமால் முஹம்மது கல்லூரியை எழுப்பினர். படிக்காமலே பொருளீட்டிய தலைமுறை, தன் பிள்ளைகள் அவ்வாறு ஈட்ட முடியாத காலம் வருவதை முன்பே உணர்ந்திருந்தது போலும்.

திருப்பூருக்கு வருவோம். அங்கே முதல் பனியன் பட்டறையை 1925இல் அமைத்தவர் குலாம் காதர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இன்று அவ்வூரின் ஏற்றுமதி முதலாளிகள் பெரும்பாலும் கொங்கு வேளாளக் கவுண்டர்கள். அவர்களிலும் பலர் உயர்கல்வி கற்றவரல்லர். பட்டறையில் கூலிக்கு வேலை செய்தவர்களே முதலாளிகளாக உயர்ந்த கதையை ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அப்படியாயின் கல்வியின்றியும் உயரலாம் அல்லவா என்று கேட்கலாம். உயரலாம்தான். கிராமத்தில் நிலமிருந்து, பங்குக்கு உறவினரும் கைமாற்றுக்கு ஊராரும் இருந்தால் உயரலாம். உழைப்பு மட்டுமே அவர்களை ஏற்றிவிடவில்லை.

நம்மவருள் பெரும்பாலோர் நகரத்தில் சிறுகடை, பழைய இரும்பு, மரம், இறைச்சி, தையல் என்று அன்றாட முதலில் தொழில் செய்வோர். அடகு வைக்கத் தோட்டமில்லை. ஜி.டி. நாயுடுவுக்கு இருந்த இரண்டாவது வழி நம் பிள்ளைக்கு இல்லை. அவனுக்குச் சான்றிதழே நிலம்.

இதில் வியப்பு என்னவெனில், எழுத்தறிவில் நாம் பின்தங்கியவர்களே அல்லர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 73.5 விழுக்காடு, தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவோ 82.9 விழுக்காடு. ஆனால் எழுத்தறிவு வேறு, படிப்பை முடிப்பது வேறு. நாடு முழுமைக்குமாக ஆராய்ந்து 2006 நவம்பரில் அறிக்கை தந்த நீதியரசர் சச்சார் குழு, 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றோர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. மொத்த மக்களில் அது சுமார் 7 விழுக்காடு. உழைக்கும் முஸ்லிம்களில் 61 விழுக்காட்டினர் சுயதொழில் செய்வோர் என்றும் அவ்வறிக்கை கண்டது. சுயதொழில் என்ற சொல் கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. தள்ளுவண்டியும் அதில் அடக்கம்.

ஒவ்வொரு வகுப்பும் ஒரு கதவு. சரக்கு வண்டி, வாடகை வண்டி ஓட்டும் உரிமம் பெற 8ஆம் வகுப்பு தேவை என்ற விதி 2019இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன் ஏழாம் வகுப்போடு நின்றவர் பிறர் பெயரில் உள்ள வண்டியில் கிளீனராகவே காலம் தள்ளினார். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்வதாயின் அவரது பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு நிற்கும். தேறியவருக்கு அந்த அலைச்சல் இல்லை. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகளுக்கான குரூப் 4 தேர்வு எழுதவும் பத்தாம் வகுப்பே வாசல். 2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி உள்ஒதுக்கீடு அளித்தது. அந்த இடத்தைக் கேட்கும் தகுதி, அதற்குரிய வகுப்பை முடித்த பிள்ளைக்கே உண்டு.

பெண்பிள்ளைகளின் நிலை இப்போது மாறிவருகிறது. தங்கை பட்டம் பெறுகிறாள், அண்ணன் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்னும் வீடுகளை நம் தெருக்களிலேயே காண்கிறோம். நிக்காஹ் பேச்சில் அதன் சங்கடம் பெற்றோருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பெரும்பாலான மஹல்லாக்களில் ஆண்டுவிழா என்றால் முதல் மதிப்பெண் பெற்றோருக்கே பரிசு. அவர்கள் எப்படியும் படித்துவிடுவர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலிலிருந்து சத்தமின்றி மறைகின்ற பையனின் பெயர் எந்தக் கமிட்டியின் கணக்கிலும் வருவதில்லை. தெருத்தெருவாக அந்தப் பெயர்களைத் திரட்டும் வேலைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், ஜூன் முதல் இரண்டு வாரங்கள் மஃக்ரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இளைஞர் நால்வரும் போதும்.