கண்ணாடிக் கூரையின் கீழ் நாற்று

மாணவர்களே, நம் உழவர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் முதலில் நாற்று விட்டு, பின்னர் அதைப் பிடுங்கி நடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டில் நாற்றங்கால் திறந்த வெளியிலேயே அமைகிறது. உறைபனி பெய்யும் நாடுகளிலோ குளிர்ந்த மண்ணில் இவ்விதைகள் முளைப்பதில்லை. முளைத்தாலும் பனி இளங்குருத்தைக் கருக்கிவிடும். அங்கே கோடையும் குறுகியது. ஆகவே, வசந்தம் வருமுன்பே விதையைக் கூரையின் கீழ் முளைக்கச் செய்யும் கலை தோன்றிற்று. அக்கலை அரண்மனையிலிருந்து எளியோர் வீட்டுச் சன்னலுக்கு வந்த வரலாறு அறியத்தக்கது.

கி.பி. 14 முதல் 37 வரை ரோமாபுரியை ஆண்டவர் டைபீரியஸ் சக்கரவர்த்தி. வெள்ளரி இனத்துக் காய் ஒன்று இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் கழிந்ததில்லை என்று பிளினி என்னும் அறிஞர் எழுதியுள்ளார். அதன் பொருட்டுத் தோட்டக்காரர் சக்கரம் பூட்டிய பாத்திகளை அமைத்தனர். அவற்றை வெயிலில் வெளியே உருட்டினர். குளிர் நாட்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளின் கீழே ஒதுக்கினர். ஒருவர் உண்ணப் பலர் உழைத்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர் கையில் புதுவடிவம் பெற்றது. அவர்களுக்குக் கிட்டிய செல்வம், நகரத்து லாயங்களில் குவிந்த குதிரை லத்தியே. புதிய லத்தியைப் பரப்பி அதன்மேல் மண்ணிட்டால், நுண்ணுயிர்கள் அதனை மட்கச் செய்யும்போது வெப்பம் எழுகிறது. அவ்வெப்பத்தில் விதை முளைத்தது. மேலே கண்ணாடிச் சட்டமும், மணி வடிவக் கண்ணாடி மூடியும் வெப்பத்தைக் காத்தன. கடுங்குளிர் இரவுகளில் வைக்கோற் பாய்களைப் போர்த்தினர். இவ்வாறு கடுங்குளிர் காலத்திலேயே கீரையும் முள்ளங்கியும் சந்தைக்கு வந்தன. மொரோ, தாவெர்ன் என்னும் இரு தோட்டக்காரர்கள் இத்தொழில்முறையை 1845-இல் நூலாக வெளியிட்டனர். லத்தி மட்கி மட்கி உருவான மண்ணைத் தங்கள் உடைமையாகவே இத்தோட்டக்காரர் கருதினர். குத்தகை முடிந்து வெளியேறும்போது அம்மண்ணையும் எடுத்துச் செல்ல உரிமை பெற்றிருந்தனர் என்று குரோப்போட்கின் குறிப்பிடுகிறார்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது, குதிரை மறைந்தது, அதனோடு லத்தியும் அருகியது. நகரம் விரிந்து தோட்ட நிலத்தை விழுங்கிற்று. வெப்பமான தென்பகுதிக் காய்கறிகளை இரயில் கொணர்ந்தது. பாரிஸ் தோட்டக்காரரின் தொழில் நலிவுற்றது. ஒரு தொழிலின் ஆணிவேர் சில வேளைகளில் பிறர் கழிவென்று ஒதுக்கும் பொருளில் இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

எனினும் கலை அழியவில்லை. இன்று குளிர்நாட்டு இல்லங்களில், கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே தக்காளி விதையைச் சிறு தொட்டியில் ஊன்றிச் சன்னலோரம் வைக்கின்றனர். நடுவதற்கு முன், நாற்றை நாள்தோறும் சிறிது நேரம் வெளியே வைத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குகின்றனர். சக்கரவர்த்தியின் பாத்தி உருண்டதும் இவ்வாறு வெயிலை நாடியே. அன்று ஒருவருக்காகப் பலர் செய்த பணியை இன்று ஒரு சிறுவனும் தன் வீட்டுக்காகச் செய்துகொள்கிறான். அறிவு பரவுதல் என்பது இதுவேயாகும்.