காதர் வழக்கும் கட்டுக்குள் கிடந்த வாக்குமூலமும்

சிங்கப்பூரில் மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டும் எஞ்சியிருந்த ஜூரி முறை 1970ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு மறைந்தது. அதன்பின் 1992 வரை இரு நீதிபதிகளும், பின்னர் ஒருவரும் அவ்வழக்குகளை விசாரித்தனர். ஜூரி காரணம் கூறுவதில்லை. நீதிபதியோ காரணத்தை எழுதியாக வேண்டும். எழுதியதைச் சோதிப்பதே மேல்முறையீடு. புலாவ் உபின் வழக்கில் 1976இல் கொலைத் தீர்ப்பை மாற்றிய இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் வழி 1994இல் அடைபட்டது. இறுதிச் சோதனை முழுவதும் உள்ளூர் நீதிமன்றத்தின் பொறுப்பாயிற்று.

அச்சோதனை எத்துணை நுணுக்கமாக அமையக்கூடும் என்பதற்கு 2011 சூலை 5ஆம் நாள் வெளியான காதர் வழக்குத் தீர்ப்பே சான்று எனக் கருதுகிறோம். 2005 மே மாதம் பூன் லே வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் மூதாட்டி ஒருவர் கொள்ளையின்போது கொலையுண்டார். சகோதரர் இருவருக்கும் உயர்நீதிமன்றம் 2009இல் மரண தண்டனை விதித்தது. அண்ணனுக்கு எதிரான வழக்கு பெரிதும் காவல்துறை பதிந்த வாக்குமூலங்களையே சார்ந்திருந்தது. தம்பியோ, தான் ஒருவனே செய்ததாக விசாரணையின்போது கூறினார்.

படுக்கையில் கிடந்த மூதாட்டியின் கணவர், வீட்டுக்குள் வந்தவர் ஒருவரே எனக் காவல்துறையிடம் கூறியிருந்தார். அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்ததோ விசாரணை நெடுந்தொலைவு சென்ற பின்னரே. ஓர் உயிரைக் காக்கவல்ல சொல் அரசுத் தரப்பின் கட்டுக்குள் கிடந்தது என்பதை எளிதாகக் கடந்துவிட இயலாது. சட்டம் விதித்த முறையில் எழுதிக் கையொப்பம் பெறாத வாக்குமூலங்களையும் நீதிபதி வி.கே. இராஜா எழுதிய தீர்ப்பு கடுமையாக ஆராய்ந்து ஒதுக்கியது. அண்ணன் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். தம்பியின் தண்டனை நிலைத்தது. அது 2015இல் நிறைவேற்றப்பட்டது.

தமிழ் முஸ்லிம்களிடையேயும் வழங்கும் 'காதர்' என்னும் பெயர் இன்று சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒரு கடமையின் பெயர். அரசுத் தரப்பு தான் பயன்படுத்தாத சான்றாயினும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அது துணைசெய்யக்கூடுமாயின் வெளிப்படுத்த வேண்டும் என்பதே அக்கடமை. 2020இல் நபில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுத் தரப்பு அழைக்காத முக்கியச் சாட்சிகளின் வாக்குமூலங்களுக்கும் வெளிப்படுத்தும் கடமையை விரிவாக்கியது.