சிப்பித் தூளில் தொடங்கிய தோல்

1850களின் நடுவில் ஜப்பானின் ஒசாகாவிலும், பின்னாளில் டோக்கியோ ஆன எடோவின் அசகுசா கோயில் வட்டாரத்திலும் ஒரு பொம்மைக் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. பொம்மைகளைச் செய்தவர் குமமோட்டோவைச் சேர்ந்த மட்சுமோத்தோ கிசாபுரோ (1825–1891). ஆளுயர மர உருவங்கள். விரல் மடிப்பில் கோடு, புறங்கையில் நரம்பு, நெற்றி ஓரத்தில் ஒவ்வொன்றாக நட்ட முடி. இந்த வகைக்கே ‘உயிர்ப்பொம்மை’ என்ற பொருளில் ‘இக்கி நிங்யோ’ என்று பெயர்.

அந்தத் தோல் சிப்பியிலிருந்து வந்தது. சிப்பி ஓட்டை மாவாக அரைத்து, விலங்குத் தோல், எலும்புகளைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைத்து, செதுக்கிய மரத்தின் மேல் மெல்லிய பூச்சாகத் தடவுவார்கள். அது காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் தடவுவார்கள். பூச்சு மேல் பூச்சாக ஏறும்போது மர ரேகை மறைந்துபோகும். பளபளப்பும் மங்கலும் சரிபாதியாகக் கலந்த, மனிதச் சருமத்துக்கே உரிய மெருகு எழும். கடைசியில்தான் கன்னச் சிவப்பும் நரம்பின் நீலமும். கிசாபுரோவின் தனிகுமி கன்னோன் சிலை குமமோட்டோவின் ஜோகோகுஜி கோயிலில் இன்றும் இருக்கிறது.

கண்ணுக்கு மட்டும் என்றால், செயற்கைத் தோல் என்னும் சிக்கலை 170 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கைவினைஞர் தீர்த்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் பொம்மைகள் அசையவில்லை. பார்க்க வந்தவர்கள் அவற்றின் கையைப் பிடித்துக் குலுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு இந்தத் தொழில் பட்ட பாடு முழுவதும் இந்த இரண்டால் வந்ததே.

அசைவு முதலில் வந்தது. 1928இல் கியோட்டோவில், ஷோவா பேரரசர் அரியணை ஏறியதை ஒட்டிய கண்காட்சியில் ‘ககுதென்சொகு’ என்ற இயந்திர உருவம் மக்கள் முன் உட்கார்ந்தது. உருவாக்கியவர் நிஷிமுரா மகோடோ. உயிரியல் பேராசிரியராக இருந்து, ஒசாகா மைனிச்சி நாளிதழில் சேர்ந்தவர். இயந்திர மனிதன் என்றாலே அடிமை என்று ஐரோப்பிய நாடக மேடை காட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணமே அவருக்குப் பிடிக்கவில்லை. உடலுக்குள் ரப்பர் குழாய்களை ஓட்டி, காற்றழுத்தத்தால் முகத்தை அசைத்தார். கன்னம் உப்பும், இமை அசையும், தலை திரும்பும், முகத்தில் சிரிப்பு படரும். பற்சக்கரத்தின் வெட்டுவெட்டான அசைவுக்குப் பதில் காற்றின் மெதுவான ஏற்ற இறக்கம் கிடைத்தது. ஓர் உயிரியலாளருக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும்.

ககுதென்சொகு வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போன இடத்தில் காணாமல் போனது. நிஷிமுராவின் மகன் கோ பெயர் பெற்ற நடிகரானார். 1988இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் தன் தந்தையின் வேடத்தையே ஏற்று, படத்துக்காக மறுபடி செய்த ககுதென்சொகுவோடு நடித்தார். 2008இல் ஒசாகா அறிவியல் அருங்காட்சியகம் அசையும் மறுஉருவம் ஒன்றைச் செய்து காட்சிக்கு வைத்தது.

அமெரிக்காவில் இதே வேலை கேளிக்கைத் தொழிலிலிருந்து முளைத்தது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியின் இல்லினாய் அரங்கில் ஆபிரகாம் லிங்கன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று உரையாற்றினார். வால்ட் டிஸ்னி குழுவின் படைப்பு. முகத்தைச் செதுக்கிய பிளெய்ன் கிப்சனுக்கு ஓர் அரிய ஆதாரம் கிடைத்திருந்தது: 1860இல் லியோனார்ட் வோக் என்ற சிற்பி, உயிரோடிருந்த லிங்கனின் முகத்திலேயே சாந்து பூசி எடுத்த அச்சு. அதன் மேல் போர்த்திய தோல், உருக்கி வார்க்கும் வினைல் வகைப் பிளாஸ்டிக். உதடு ஆயிரக்கணக்கான முறை அசைந்தாலும் கிழியாத பொருளைத் தேடுவதுதான் அந்தப் பட்டறைக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு நடிகருக்கு ஒட்டும் முகமூடி ஒரு நாள் படப்பிடிப்புக்குத் தாங்கினால் போதும். லிங்கனோ நாள் முழுக்க, காட்சிக்குக் காட்சி எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

இந்தப் போக்கில் எங்கே முள் இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவர் டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் மோரி மசஹிரோ. 1970இல் ‘எனர்ஜி’ என்ற இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரையை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. இயந்திரம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன் மேல் பிரியம் கூடும். மிக நெருங்கிய ஓரிடத்தில் அந்தப் பிரியம் சட்டென்று அருவருப்பாகச் சரியும் என்றார். அந்தச் சரிவை அவர் பள்ளத்தாக்கு என்றார். இன்று உலகெங்கும் ரோபோ ஆய்வாளர்கள் பேசுவது அதைத்தான்.

மோரி எடுத்த உதாரணம் முகம்கூட இல்லை, கை. அக்காலத்தில் செயற்கைக் கைகள் நகம், நரம்பு, ரேகை வரை அசலாக வரத் தொடங்கியிருந்தன. பார்க்கும்போது ஒன்றும் தோன்றாது. குலுக்கிப் பார்த்தால் எலும்பில்லாத தொய்வு, ஜில்லென்ற பரப்பு; உடல் கூசிப்போகும். அதே ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் முகத்தில் 29 ஜோடி செயற்கைத் தசைகளோடு சிரித்த ரோபோவைப் பற்றியும் எழுதினார்: அந்தச் சிரிப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பார்ப்பவருக்குப் பயம்தான் வரும் என்றார். கண் ஏமாறினாலும் கை ஏமாறாது என்பதை ரோபோக்காரர்கள் ஏற்றுக்கொள்ள இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. மோரி சொன்னதிலேயே பயனுள்ள பகுதி அந்தக் கைகுலுக்கல்தான். அந்த வளைகோட்டை வரைந்து காட்டுகிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இடையில் பொருள் மாறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைப் பொருளாக வந்த சிலிகோன், பின்னர் திரைப்பட ஒப்பனைப் பட்டறைகளிலும் செயற்கை உறுப்புக் கூடங்களிலும் நுழைந்தது. அது ஒளியை ஓரளவு உள்ளே விடும். நம் தோலும் அப்படித்தான்: மேலே விழும் ஒளி சற்று உள்ளே போய், ரத்தத்தின் செம்மையைத் தொட்டுத் திரும்புவதால்தான் முகத்துக்கு உயிர்க்களை. அதனால் சிலிகோன் வேலை தெரிந்தவர்கள் நிறத்தை மேலே பூசுவதோடு விடுவதில்லை. வார்ப்பிலேயே அடுக்கடுக்காகக் கலக்கிறார்கள். சிவப்பு, நீல நிறப் பொடி இழைகளைத் தூவினால் தோலடி நுண்குழாய்கள் தெரிவதுபோல் இருக்கும்.

ஒரு முகத்தை அச்செடுப்பதே தனிக் கலை. பல் மருத்துவர்கள் தாடைக்கு அச்செடுக்கும் ஆல்ஜினேட் கூழை, மூக்குத் துளைகளை மட்டும் விட்டு, முகம் முழுக்க அப்புவார்கள். அது இறுகியதும் வடிவம் குலையாமல் இருக்க மேலே பிளாஸ்டர் துணி. உள்ளே இருப்பவர் கண்ணை மூடி, வாயை மூடி, அசையாமல் இருக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் முகத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. கண் மூடியிருக்கும், கூழின் கனத்தில் கன்னம் தொங்கியிருக்கும். சிற்பி களிமண்ணில் இமையைத் திறந்து, கன்னத்தைத் தூக்கி, மீண்டும் அச்செடுத்த பிறகுதான் சிலிகோன் வார்ப்பு. புருவ முடியை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நட வேண்டும். கிசாபுரோ இந்தப் பட்டறைக்குள் வந்தால் பாதி வேலையை அடையாளம் கண்டுகொள்வார்.

இந்தக் கைத்திறனை ஆய்வுக்கூடத்தோடு இணைத்தவர் ஒசாகா பல்கலைக்கழகத்தின் இஷிகுரோ ஹிரோஷி. அவரோடு சேர்ந்து வேலை செய்தது கோகோரோ என்ற நிறுவனம். கண்காட்சிகளுக்கு அசையும் டைனோசர்களைச் செய்து பழகியவர்கள். 2005 ஐச்சி உலகக் கண்காட்சியில் ‘ரெப்ளி’ வரிசைப் பெண் உருவம் பேசியது. 2006இல் இஷிகுரோ தன்னையே வார்த்து ‘ஜெமினாய்ட்’ என்ற இரட்டையரைச் செய்தார். இரண்டையும் அசைத்தது காற்றழுத்தம்தான், நிஷிமுராவின் அதே வழி. தோலுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய படலங்களையும் பதித்திருந்தார்கள். ஒரு மனிதர் தோளைத் தொட்டால் இயந்திரம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

அமெரிக்காவின் டேவிட் ஹான்சன் வேறொரு முடிச்சை அவிழ்க்க முயன்றார். டிஸ்னி பட்டறையில் சிற்பியாக இருந்தவர். திட ரப்பரில் செய்த முகம் சிரிக்க ஏன் அவ்வளவு பெரிய மோட்டார் வேண்டியிருக்கிறது என்பது அவர் கேள்வி. நம் கன்னத்துச் சதை நீர் நிரம்பிய உயிரணுக்களால் ஆனது. அழுத்தினால் நீர் ஒதுங்கி வழிவிடும். திட ரப்பருக்கு அந்த வசதி இல்லை. ஓரிடத்தில் மடித்தால் இன்னோரிடத்தில் பிதுங்கி எதிர்க்கும். நுண்துளைகள் நிறைந்த நுரை ரப்பரை ஹான்சன் உருவாக்கி அதற்கு ‘ஃப்ரப்பர்’ என்று பெயரிட்டார். சிறு மோட்டார்களே அதை இழுக்கப் போதும் என்பதால், தலையை நடக்கும் உடலின் மேல் ஏற்ற முடிந்தது. 2005இல் தென்கொரியாவின் ஹூபோ ரோபோ உடலில் ஐன்ஸ்டீன் முகம் நடமாடியது. 2016இல் வந்த சோஃபியாவைப் பலரும் செய்திகளில் பார்த்திருப்பார்கள். சோஃபியாவின் பேச்சுத் திறமையை நான் அவ்வளவாகப் பெரிதுபடுத்த மாட்டேன். புருவம் உயரும்போது நெற்றியில் விழும் சுருக்கத்தைப் பாருங்கள். ஹான்சனின் உண்மையான சாதனை அங்கேதான் இருக்கிறது.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2021 இறுதியில் இங்கிலாந்தின் எஞ்சினியர்டு ஆர்ட்ஸ் காட்டிய ‘அமேகா’வின் முகம் வேண்டுமென்றே சாம்பல் நிறம். முகபாவம் நுட்பமானது, ஆனால் தோல் ‘நான் இயந்திரம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. மோரியின் பள்ளத்தில் இறங்காமல் கரையிலேயே நிற்பது என்ற முடிவு. நேர்மையான முடிவு அது.

இந்த வரலாறு நெடுகத் தோல் ஓர் உடுப்பாகவே இருந்தது: எலும்பும் மோட்டாரும் தயாரான பிறகு மேலே போர்த்துவது. அது ஓர் உறுப்பு, நம் உடலின் மிகப் பெரிய புலன் என்ற எண்ணம் பொறியாளர்களிடம் வேரூன்றியது 2000த்துக்குப் பிறகுதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சோமேயா தகாவோ, 2004இல் பிளாஸ்டிக் படலத்தின் மேல் கரிமச் சேர்மங்களால் ஆன டிரான்சிஸ்டர்களை வரிசையாகப் பதித்து, வளையும் அழுத்த உணரித் தாளை வெளியிட்டார். மறு ஆண்டே அதை வலைபோல் வெட்டி, இழுத்தால் நீளும்படி செய்து, வெப்பத்தையும் உணர வைத்தார். ஒரு முட்டையின் மேல் அந்த வலை சுருக்கமில்லாமல் படிந்திருக்கும் படம் இத்துறையில் பிரபலம்.

ஜெர்மனியின் மியூனிக்கில் கோர்டன் செங் குழு வேறு வழியில் போனது. சுமார் ஓர் அங்குல அகலமுள்ள அறுகோணத் துண்டுகள். ஒவ்வொன்றும் தொடுகை, வெப்பம், நெருக்கம், அசைவு ஆகியவற்றை அறியும். 2019இல் எச்-1 என்ற ரோபோவின் உடலில் இப்படி 1,260 துண்டுகளைப் பதித்தார்கள். 13,000க்கும் மேற்பட்ட உணரிகள். இத்தனையும் ஓயாமல் பேசினால் கணினி திணறிவிடும். நம் தோல் செய்வதையே இவர்களும் செய்தார்கள்: மாற்றம் நேர்ந்தால் மட்டும் செய்தி அனுப்புவது. தொப்பி போட்ட கணத்தில் தலையில் உணர்கிறோம், சற்று நேரத்தில் மறந்துவிடுகிறோம் அல்லவா? அந்த ரோபோவால் ஒரு மனிதரைப் பத்திரமாகக் கட்டிப்பிடிக்க முடிந்தது. பார்வைக்கு அது தேன்கூட்டுக் கவசம் பூண்ட இயந்திரம், அழகில்லை. எனினும் கிசாபுரோவின் பொம்மைகளுக்கு வாய்க்காத ஒன்று அதற்கு வாய்த்திருக்கிறது.

மூன்றாவது வழி மருத்துவமனையிலிருந்து வந்தது. தீக்காயம்பட்டவர்களைக் காப்பாற்றத் தோல் வளர்க்கும் முயற்சி 1970களில் பாஸ்டன் வட்டாரத்தில் சூடு பிடித்திருந்தது. மனிதத் தோலின் மேலடுக்கு உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கும் முறையை 1975இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் காட்டினார்கள். யூஜின் பெல், கொலாஜன் என்ற புரதக் கூழில் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களை விட்டால் அவை கூழை இழுத்துச் சுருக்கித் திசுவாக்குவதை 1979இல் கண்டார். மருத்துவர் ஜான் பர்க்கும் எம்.ஐ.டி.யின் யானிஸ் யானஸும் மாட்டுக் கொலாஜன், சுறாக் குருத்தெலும்பு, மேலே சிலிகோன் படலம் ஆகியவற்றால் ஆன செயற்கைத் தோலைத் தீக்காயங்களில் போர்த்தி வெற்றி கண்டார்கள். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இந்தக் கொலாஜன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காயங்களுக்குப் போர்த்தும் கொலாஜன் தாள்கள் அங்கேயும் உருவாயின.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகேயுச்சி ஷோஜி இந்த மருத்துவ அறிவை ரோபோவுக்குக் கொண்டுவந்தார். 2022இல் அவர் குழு மூன்று மூட்டுகள் கொண்ட ஒரு ரோபோ விரலை, கொலாஜனும் மனித ஃபைப்ரோபிளாஸ்டுகளும் கலந்த கரைசலுக்குள் நிறுத்தியது. பெல் கண்ட அதே சுருக்கம் இங்கே தையல்காரனாக வேலை செய்தது. திசு தானாகச் சுருங்கி, மடிப்பில்லாமல் விரலைக் கவ்விக்கொண்டது. அதன்மேல் கெரட்டினோசைட் என்னும் மேலடுக்கு உயிரணுக்களை விட்டதும் வெளியடுக்கு உருவாகித் தண்ணீரைத் தள்ளியது. விரலை மடக்கினால் தோல் மடிந்து நிமிர்ந்தது. கீறல் விழுந்த இடத்தில் கொலாஜன் தாளை ஒட்டினார்கள். உயிரணுக்கள் அதற்குள் புகுந்து காயத்தை மூடின. எந்தச் சிலிகோனுக்கும் இது வராது.

அடுத்த சிக்கல் இந்தத் தோலை முகத்தில் ஒட்ட வைப்பது. கொக்கி வைத்தால் அசையும்போது கிழிகிறது. நம் உடலில் தோலைக் கீழே கட்டிவைப்பவை நுண்ணிய நார்க்கட்டுகள். அதைப் பின்பற்றி, 2024இல் முகவார்ப்பு முழுக்க ‘வி’ வடிவச் சிறு துளைகளைப் போட்டு, பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயுவால் பதப்படுத்தி, கொலாஜன் கூழ் அவற்றுக்குள் இறங்கி இறுகும்படி செய்தார்கள். இளஞ்சிவப்பான, ஈரமான, கண்கள் வெறித்த ஒரு சிறிய முகம் சிரித்த காணொளி வெளிவந்தபோது பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். மோரியின் கணக்குப்படி அது எதிர்பார்த்ததே.

அந்தத் தோலில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. ஊட்டக் கரைசலை விட்டு வெளியே எடுத்தால் காய்ந்து, உயிரணுக்கள் சாகத் தொடங்கும். ரத்தக் குழாய்க்கு ஈடாக ஊட்டம் கொண்டுசெல்லும் நுண்வாய்க்கால்கள், பிறகு நரம்பு, முடிக்கால், வியர்வைச் சுரப்பி என்று தகேயுச்சி குழு வேலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. ரோபோவின் முகத்துக்கு இது வர நாளாகும். சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்க்கவும், முகப்பூச்சுகளை விலங்குகளின் மேல் தடவாமல் சோதிக்கவும், அறுவை மருத்துவர்கள் பயிற்சி பெறவும் அசையும் தோல் உதவும் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த ஆய்வு மேசைகளுக்கு இது முதலில் போய்ச்சேரும் என்றே தோன்றுகிறது.