ஹிரோஷிமாவிலிருந்து வந்த விருந்து

ஆகஸ்டு 6ஆம் நாளைத் திருச்சபை ஆண்டவரின் தோற்ற மாற்ற விழாவாகக் கொண்டாடுகிறது. மலைமேல் ஆண்டவருடைய முகம் ஒளிர்ந்ததை நாம் நினைவுகூரும் அதே நாளில்தான், 1945ஆம் ஆண்டு காலை 8.15 மணிக்கு, ஹிரோஷிமா நகர்மீது மற்றோர் ஒளி இறங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்பர். உயிர் தப்பியோருள் பலருக்கு முகமே மாறிப்போயிற்று. ஆண்டுதோறும் இவ்விழாவுக்கு மறையுரை ஆயத்தம் செய்யும்போது, இவ்விரு ஒளிகளையும் ஒருங்கே நினையாதிருக்க நம்மால் இயலுவதில்லை.

அந்நாளில் நகரின் விளிம்பிலிருந்த நாகத்சுகாவில், இயேசு சபை நவதுறவியர் இல்லத்தையே மருத்துவமனையாக்கிக் காயமுற்றோரைப் பேணிய அருள்தந்தை பேத்ரோ அருப்பேயை நம் வாசகர்கள் நன்கு அறிவர். நாம் இங்கே எழுத விழைவது, பத்தாண்டுகள் கழித்துத் திறந்த வேறு சில கதவுகளைப் பற்றியது. அக்கதவுகள் குண்டு வீசிய நாட்டிலேயே திறந்தன.

குண்டு வெடித்தபோது பள்ளிச் சிறுமியராய் இருந்தவர்கள், ஐம்பதுகளின் தொடக்கத்தில் மணப்பருவத்து மங்கையராய் வளர்ந்திருந்தனர். தீப்புண் ஆறிய இடத்தில் 'கீலாய்டு' எனப்படும் தடித்த தழும்புகள் படர்ந்து, சிலருக்கு இமை மூடவில்லை. சிலருக்கு விரல்கள் ஒட்டிக் கிடந்தன. தெருவில் இறங்கினால் உற்றுப் பார்க்கும் கண்களுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைந்து வாழ்ந்தனர். அத்தகையோர் சிலரைத் தம் கோவிலில் ஒன்றுகூட்டினார் கியோஷி தனிமோட்டோ என்னும் மெதடிஸ்ட் போதகர். (ஜான் ஹெர்சி 1946இல் எழுதிய 'ஹிரோஷிமா'வில் வரும் அறுவருள் இவர் ஒருவர், கிளைன்சோர்கே என்னும் ஜெர்மானிய இயேசு சபைக் குருவும் அவர்களுள் உண்டு.) 'சாட்டர்டே ரிவியூ' இதழின் ஆசிரியர் நார்மன் கசின்ஸ் இப்பெண்களைச் சந்தித்தபின், இவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று சீர்செய் அறுவை மருத்துவம் அளிக்க வேண்டுமென உறுதி பூண்டார். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை கட்டணமின்றிப் படுக்கைகள் தர இசைந்தது. டாக்டர் ஆர்தர் பார்ஸ்கியும் அவர்தம் தோழர்களும் ஊதியம் பெறாது பணிசெய்ய முன்வந்தனர்.

ஆனால் மருத்துவமனை மட்டும் போதுமா? ஓர் அறுவைக்கும் மறு அறுவைக்கும் இடையே வாரங்கள் பல கழியும். அதுவரை 25 பெண்கள் எங்கே தங்குவது? இங்கேதான் நம் வரலாற்றின் உண்மையான மாந்தர் வருகின்றனர். நியூயார்க்கைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த குவேக்கர் சபைக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் அவர்களுக்கு இடமளித்தன. அவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், தூதர்களும் அல்லர். மொழி தெரியாது, உணவு வேறு, பத்தாண்டுகளுக்கு முன்புவரை பகை நாடு. இருப்பினும் அறையை ஒழித்து, மேசையில் இன்னும் இரண்டு தட்டுகளை வைத்தனர்.

1955 மே மாதம் அமெரிக்கப் படைத்துறை விமானத்திலேயே அப்பெண்கள் வந்து சேர்ந்தனர்! ஓராண்டுக்கு மேலாக நீடித்த மருத்துவத்தில் மொத்தம் 138 அறுவைகள் நடந்ததாகக் கணக்கு. முகங்கள் முழுமையாய்ச் சீரடையவில்லை. அதற்கு வழியும் இல்லை. ஆயினும் இப்பெண்களுள் பலர் ஆங்கிலம் கற்றனர், தொழில் கற்றனர், தலை நிமிர்ந்து வெளியே நடந்தனர். கத்தி செய்ததைவிடச் சமையலறை செய்தது அதிகம் என்பது நம் துணிபு.

எல்லாமே இனிதாய் நடந்தன என்று எழுதினால் அது பொய்யாகும். வந்த சில நாட்களில், போதகர் தனிமோட்டோவுக்கு முன்னறிவிப்பின்றி, குண்டு வீசிய விமானத்தின் துணை விமானியைத் தொலைக்காட்சி மேடையில் அவர்முன் கொண்டுவந்து நிறுத்தினர். பெண்கள் இருவரைத் திரைக்குப் பின்னே நிழலுருவாய்க் காட்டினர். ஒருவரின் வேதனையைக் காட்சிப் பொருளாக்கும் இச்செயலை நம்மால் ஏற்க இயலவில்லை. 1956 மே 24 அன்று, அப்பெண்களுள் ஒருவர் அறுவை மேசையிலேயே இதயம் நின்று இறந்தார். நலம் பெறச் சென்ற மகள் உயிரோடு திரும்பவில்லை. அந்தத் தாய்தந்தையர்முன் எந்த நல்லெண்ணம் வாய் திறக்கும்?

இன்னுமொரு கேள்வியும் நம்மை விடுவதில்லை. இந்த விருந்தோம்பல் பரிகாரமா? அறநெறி இறையியலில் நாம் பயின்றபடி, பாவ அறிக்கையின்றிப் பரிகாரம் நிறைவுறாது. அமெரிக்க வெளியுறவுத் துறையோ, இப்பயணம் குற்ற ஒப்புதலாகத் தோன்றிவிடுமோ என்றே அஞ்சியது. ஆயிரக்கணக்கானோருள் 25 பேருக்கு மட்டும் மருத்துவம் என்பதும் உண்மை. ஒரு நாடு சொல்ல மறுத்ததைச் சில குடும்பங்கள் சொல்லிவிட முடியாது. அவர்கள் அவ்வாறு உரிமை கொண்டாடியதாகவும் தெரியவில்லை. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். வந்தவரைப் பழைய பகையின் கணக்கில் எழுதாமல் புதியவராய் ஏற்பது ஒன்றே அவர்கள் செய்தது. மம்ரே மரத்தடியில் ஆபிரகாமும் வந்தவர் எந்த நாட்டினர் என்று கேட்கவில்லை.

அப்பெண்களுள் ஒருவரான ஷிகேகோ நீமோட்டோவை நார்மன் கசின்ஸ் தம் மகளாகவே ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணிய அவர், அணு ஆயுதங்களுக்கெதிராக 1980இல் அமெரிக்க செனட் குழுவின்முன் சாட்சி சொன்னார்.

1965 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலேயே ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. பார்பரா ரேனால்ட்ஸ் என்னும் அமெரிக்கக் குவேக்கர் பெண்மணி, அம்மங்கையரோடு நியூயார்க் சென்றிருந்த மருத்துவர் தோமின் ஹராடா முதலியோருடன் சேர்ந்து அமைத்த உலக நட்புறவு மையம் அது. அயல்நாட்டுப் பயணிகள் அங்கே தங்கினர்; குண்டுக்குத் தப்பியோர் வந்து அவர்களோடு அமர்ந்து, தாம் கண்டதை எடுத்துரைத்தனர். இம்முறை வந்தவர்களுள் அமெரிக்கரும் இருந்தனர்; வாயிலில் நின்று வரவேற்றவர்கள் ஹிரோஷிமா மக்கள்.