ஐந்தாண்டுப் பிரிவு

மலாயாவில் ரப்பர் முதன்முதலாக வாணிக நோக்குடன் பயிரிடப்பட்ட இடங்களுள் காஜாங்கும் ஒன்று. 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்கு இன்ச் கென்னத் தோட்டத்தில் கன்றுகளை நட்டனர். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இவ்வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தவண்ணம் இருந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி வந்தோரின் வரலாற்றைப் பேசுவோர் கங்காணியையும் கூலியையும் பேசுவர். ஊரிலேயே தங்கிவிட்ட மனைவியரின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றின் பெரும் திருப்பம் 1959 ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டத் திருத்தத்தில் உள்ளது.

முன்பு கடல் திறந்தே கிடந்தது. 1933 இல் நடைமுறைக்கு வந்த அயலார் சட்டம் சீன ஆடவரின் வருகைக்கு வரம்பு கட்டியது. இந்தியரோ பிரிட்டிஷ் பேரரசின் குடிகள்; ஆதலின் அச்சட்டம் அவர்களைத் தொடவில்லை. இதில் ஒரு விந்தை உண்டு. சீனப் பெண்களுக்கு 1938 வரை வரம்பு விதிக்கப்படவில்லை. அவ்வைந்தாண்டுகளில் சீனப் பெண்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர். சீனர் குடும்பங்கள் இம்மண்ணில் வேரூன்றின. ‘இன்று மூடினும் மூடுவர்’ என்ற அச்சம் அவர்களை விரைவுபடுத்தியது எனலாம். தமிழருக்கு அவ்வச்சம் இல்லை. கதவு திறந்திருக்கும் வீட்டில் எவரும் அவசரமாக நுழைவதில்லை அன்றோ?

எனவே தமிழர் குடும்பம் கடலின் இரு கரையிலும் கால் வைத்து வாழப் பழகியது. ஆடவன் ஊர் சென்று மணமுடிப்பான். மனைவி சில ஆண்டுகள் லயத்தில் வாழ்வாள். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வாள். மாமியாரையும் காணி நிலத்தையும் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்குவாள். பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் படிப்பர். தோட்டத்துப் பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டமையும் இதற்கு ஒரு காரணம். மாதந்தோறும் மணியார்டர் போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணவன் போவான். 1911 இல் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆடவர்க்குப் பெண்டிர் ஏறத்தாழ 300 பேரே. 1931 இலும் அவர்கள் ஆடவரில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தனர். இவ்வெண்களைக் கண்டு ‘குடும்பமற்ற ஆடவர் கூட்டம்’ என்று முடிவு செய்வது பிழை. அவர்களுள் பலர்க்குக் குடும்பம் இருந்தது. அது வேறு கரையில் இருந்தது. தனியாள் கூலியில் இரு தலைமுறையை லயத்து அறையொன்றில் வைத்துக் காப்பதைவிட, ஊரில் வைத்துக் காப்பது எளிது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கப்பலே ஓடவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்களுடைய மனைவியருக்கு ஊரில் செய்தியும் எட்டவில்லை.

போருக்குப்பின் நிலைமை மாறியது. 1952 இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியரும் இனி வெளியார். தொழில் தேடி வருவோர்க்குக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டது. இங்கு வாழ்வோரின் மனைவி மக்களுக்கு மட்டும் இடம் விடப்பட்டது. 1957 ஆகஸ்டு 31 இல் நாடு விடுதலை பெற்றது. தோட்டத் தொழிலாளருள் பலர் குடியுரிமை பெற்றனர். கணவன் குடிமகன், மனைவி அயல்நாட்டார் என்ற புதிய நிலை பிறந்தது.

அடுத்து வந்ததுதான் 1959 ஆம் ஆண்டுத் திருத்தம். இங்கு வேலையிலிருப்போரின் பிழைப்பைக் காப்பதும், இம்மண்ணோடு ஒன்றிய மக்கள் சமுதாயத்தை உருவாக்குவதும் அதன் நோக்கங்களாகச் சொல்லப்பட்டன. புதிதாய்ப் பிறந்த நாடொன்று அவ்வாறு எண்ணியதைக் குற்றம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் அதன் விதியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1954 திசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நுழைவு இல்லை. ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கும் இல்லை.

சட்டம் பின்னோக்கி எண்ணியது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. 1955 இல் ஊரிலிருந்த பெண்ணொருத்தி, தான் அங்கிருக்கும் நாட்கள் ஒவ்வொன்றும் தனக்கெதிராக எண்ணப்படும் என்பதை அறிந்திருக்க வழியில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டமை, சட்டத்தின் கண்ணில், கணவனைப் பிரிந்தமை ஆயிற்று. திறந்த கடலின் காலத்தில் வழக்கமாக இருந்த ஒன்று, கடல் மூடியபின் குற்றமாகப் படிக்கப்பட்டது. ஒப்புநோக்க ஓர் அண்மைச் செய்தி உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 இல் விலகியபோது, ஐரோப்பாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடிமக்கள் தம் அயல்நாட்டுத் துணைவரைப் பழைய விதிப்படி அழைத்து வர 2022 மார்ச்சு 29 வரை தவணை கிடைத்தது. அத்தவணை போதவில்லை என்று பலர் முறையிட்டனர்; எனினும் அது முன்னோக்கிய தவணை.

தமிழர்க்கு இத்தகைய துன்பம் புதிதன்று. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்துக்கு இடந்தரும் சமயங்களின் சடங்குப்படி நடந்த திருமணங்களைக் குடிநுழைவுக்கு ஏற்க மறுத்தது. அதனை எதிர்த்தெழுந்த போராட்டத்தில் பெண்டிரும் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை விடுதலையானதும் 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே ஒரு மனைவியின் நுழைவுரிமையைச் சட்டம் ஏற்றது. அங்கே திருமணமே மறுக்கப்பட்டது. மலாயாவில் திருமணத்தை மறுத்தாரில்லை. சேர்ந்து வாழவில்லை என்றுதான் சொன்னார்கள். இரண்டாவதை எதிர்த்து வாதிடுவது கடினம்.

பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. குடிமகனாகிய தந்தை மலாயாவில் பிறவாதவராயின், வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் மலாயாவின் தூதரக அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது அரசமைப்பு விதி. பதிந்தால் குழந்தை குடிமகன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்த் தாய்க்கு அவ்விதியை யார் சொல்வார்? பதியப்படாத பிள்ளை அயல்நாட்டான் ஆனான். ஆறு வயது கடந்ததும் தந்தையோடு வந்து வாழும் வழியும் அடைபட்டது. மனைவிக்குப் பதிவின் வாயிலாகக் குடியுரிமை தரும் 15 ஆம் விதி இருந்தது. ஆனால் அதற்கும் இந்நாட்டில் ஈராண்டு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது பின்னாளைய நிபந்தனை. வாசலைத் தாண்ட முடியாதவளுக்கு உள்ளறையின் சாவி எதற்கு?

ஆகவே ஆடவர்க்கு இரு வழிகளே எஞ்சின: இங்கே தனித்திருப்பது, அல்லது அனைத்தையும் விட்டு ஊர் திரும்புவது. 1968 இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்றபோது, ஏறத்தாழ 60,000 இந்தியர் நாடு திரும்பினர் என்று ஆய்வாளர் குறிப்பர். அத்தொகையில் வேலையிழந்தோரை மட்டுமே காண்பது முழுமையாகாது. மனைவி மக்களை அழைத்துவரும் நம்பிக்கை ஏற்கெனவே அற்றுப்போனவனுக்கு, வேலையும் போகும் என்றபின் இங்கே பிடிப்பு ஏது?

காஜாங்கிற்கு அண்மையில் பிராங் புசார் என்றொரு தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921 இல் அதனை நிறுவினர். உயர்ந்த ரப்பர் இனங்களுக்கு அது பெயர் பெற்றது. 1990களில் அத்தோட்டமும் அதனை அடுத்த தோட்டங்களும் புத்ராஜெயாவாயின. தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் வட்டாரத்துக்குப் பெயர்ந்தன. இன்று குடிநுழைவுத் துறையின் தலைமையகம் புத்ராஜெயாவில் இருக்கிறது.